தெளிவற்ற, மாறும் தேவைகளுக்கு நடுவே மென்பொருள் சோதனை

மென்பொருள் சோதனை என்பது, ஒரு மென்பொருள் செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று இயக்கிப் பார்த்து அறியும் பணி. செய்ய வேண்டியது எது என்பதைச் சொல்லும் கூற்றுகள் 'தேவைகள்' எனப்படும். பாடநூல்களில் தேவைகள் முதலில் எழுதி முடிக்கப்படும். அடுத்து நிரல் எழுதப்படும். அதன்பின் சோதனை நடக்கும். நடைமுறையில் பல திட்டங்களில் தேவை என்பது ஒரு மின்னஞ்சலின் ஒற்றை வரியாகவோ ஒரு தொலைபேசிப் பேச்சாகவோ மட்டுமே இருக்கும். சோதனை தொடங்கிய பிறகும் அது மாறிக்கொண்டிருக்கும்.

இத்தகைய சூழலில் எதை எதனோடு ஒப்பிடுவது, விடை கிடைக்காத கேள்விகளை என்ன செய்வது, மாற்றம் வரும்போது ஏற்கெனவே எழுதிய சோதனைகளை எப்படிக் கையாள்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் 2017 நவம்பரில் உணவகங்களுக்கான வரி விகிதம் மாறியது இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சோதனை என்பது ஒப்பீடு

எந்தச் சோதனையிலும் மூன்று கூறுகள் உண்டு: கொடுக்கும் உள்ளீடு, எதிர்பார்க்கும் விளைவு, உண்மையில் கிடைக்கும் விளைவு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுவதே சோதனை. எதிர்பார்க்கும் விளைவு தெரியாத சோதனையாளர், விடைக்குறிப்பு இல்லாமல் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரின் நிலையில் இருக்கிறார். எதிர்பார்க்கும் விளைவைச் சொல்லும் மூலத்தைச் சோதனைத் துறையில் 'ஆரக்கிள்' என்பர். தேவை ஆவணம் அத்தகைய மூலங்களில் ஒன்று. அது மட்டுமே மூலமல்ல.

விடைக்குறிப்பு இல்லாதபோது இரண்டு தவறுகள் எளிதில் நேர்கின்றன. முதலாவது, மென்பொருள் காட்டும் விளைவையே சரியானது என்று எழுதிக்கொள்வது. அப்போது நிரலை நிரலோடே ஒப்பிட்டதாகிறது. அச்சோதனை எப்போதும் வெற்றி பெறும், எதையும் கண்டுபிடிக்காது. இரண்டாவது, சோதனையாளர் தாமாக ஒரு விடையை ஊகித்து, அது ஊகம் என்பதை யாரிடமும் சொல்லாமல் விடுவது. நிரலர் வேறொன்றை ஊகித்திருப்பார், வாடிக்கையாளர் மூன்றாவதாக ஒன்றை நினைத்திருப்பார். மூன்றும் ஒன்றல்ல என்பது மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த பிறகே தெரியவரும்.

தெளிவின்மையின் வகைகள்

தெளிவற்ற தேவைகளைப் பொதுவாக நான்கு வகைகளில் அடக்கலாம்.

1. அளவு சொல்லாதவை. "பில் விரைவாக அச்சாக வேண்டும்" என்பதில் விரைவு என்றால் எத்தனை விநாடி? கடையில் ஒரே ஒரு கணினி இயங்கும்போதா, பத்தும் இயங்கும்போதா? அளவு இல்லாத தேவையில் வெற்றி, தோல்வி இரண்டையும் நிறுவ முடியாது.

2. இருபொருள் தருபவை. "50 ரூபாயும் 10 சதவீதமும் தள்ளுபடி" என்ற தேவையை எடுத்துக்கொண்டால், 400 ரூபாய் பில்லில் முதலில் 50 ரூபாயைக் கழித்துப் பிறகு 10 சதவீதம் கழித்தால் 315 ரூபாய் வரும். முதலில் 10 சதவீதம் கழித்துப் பிறகு 50 ரூபாயைக் கழித்தால் 310 ரூபாய் வரும். இரண்டு கணக்கிலும் பிழையில்லை. வாடிக்கையாளர் விரும்பியது எது என்பதுதான் கேள்வி.

3. முரண்படுபவை. "அச்சிட்ட பில்லைத் திருத்தக் கூடாது" என்று ஒரு பக்கத்திலும், "மேலாளர் எந்த நேரத்திலும் பில்லிலிருந்து ஒரு பொருளை நீக்கலாம்" என்று மற்றொரு பக்கத்திலும் இருக்கும்.

4. சொல்லாமல் விடப்பட்டவை. பில் போடும் நடுவே மின்சாரம் நின்றால் என்ன ஆகும், ரத்து செய்த பில்லின் எண் மீண்டும் பயன்படுமா என்பன போன்றவை ஆவணத்தில் எங்கும் இருக்காது.

முதல் மூன்று வகைகளும் ஆவணத்தைக் கவனமாகப் படித்தால் கண்ணில் படும். நான்காவது வகையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது; ஏனெனில் படிக்க அங்கே எதுவும் இல்லை. மென்பொருளைப் பயன்படுத்துபவரின் ஒரு நாள் வேலையை முதலிலிருந்து முடிவுவரை மனத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

தேவைகள் ஏன் மாறுகின்றன

தேவை மாறுவதை வாடிக்கையாளரின் தடுமாற்றமாகக் கருதும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் அது அப்படியல்ல. சட்டம் மாறலாம், இணைந்து இயங்கும் வேறொரு மென்பொருள் மாறலாம், முதல் வடிவத்தைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே தமக்கு உண்மையில் வேண்டியது என்ன என்பது பயனருக்குப் புலப்படலாம்.

ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வணிகர்கள் மாதந்தோறும் மூன்று படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது தொடக்கத் திட்டம். இடைக்கால ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்ட 3பி என்ற சுருக்கப் படிவம் நிலைத்துவிட்டது. திட்டமிட்டிருந்த படிவங்களில் இரண்டும் மூன்றும் நிறுத்திவைக்கப்பட்டன. கணக்கு மென்பொருள் செய்தவர்கள் எவ்வளவு கவனமாகத் தேவைகளை எழுதியிருந்தாலும் இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. ஆகவே மாற்றத்தைத் தடுப்பது சோதனையாளரின் வேலை அல்ல. மாற்றம் வந்தபோது எது மாறியது, எது மாறக்கூடாது என்பதைப் பிரித்துக் காட்டுவதே அவரது வேலை.

ஓர் எடுத்துக்காட்டு: உணவகப் பில்

ஜி.எஸ்.டி. வந்தபோது குளிர்சாதன வசதியில்லாத உணவகங்களுக்கு 12 சதவீதமும், குளிர்சாதன வசதியுள்ளவற்றுக்கு 18 சதவீதமும் வரி இருந்தது. 2017 நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், இந்த வேறுபாட்டை நீக்கி உணவகங்களுக்கு 5 சதவீத வரி என்று முடிவு செய்தது. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அவற்றுக்கு நீக்கப்பட்டது. புதிய விகிதம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்தவை ஐந்து நாட்களே.

உணவக பில் மென்பொருள் செய்யும் ஒரு குழுவுக்கு இத்தேவை எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்: "நவம்பர் 15 முதல் உணவக வரி 5 சதவீதம்." இந்த ஒரு வரியை வைத்து எழுதக்கூடிய சோதனையும் ஒன்றுதான். குளிர்சாதன உணவகத்தில் 400 ரூபாய்க்குச் சாப்பிட்டவருக்கு அதுவரை 72 ரூபாய் வரியுடன் 472 ரூபாய் பில் வந்தது. இனி 20 ரூபாய் வரியுடன் 420 ரூபாய் வர வேண்டும். அந்தச் சோதனை வெற்றி பெற்றாலும் மென்பொருள் சரி என்று சொல்லிவிட முடியாது.

சொல்லாததைக் கேள்வியாக்குதல்

தேவை தெளிவாக இல்லாதபோது சோதனையாளரின் முதல் கருவி கேள்வி. "இது தெளிவாக இல்லை" என்று பொதுவாகச் சொல்வதால் பயன் குறைவு, கேட்கப்படுபவர் "எது தெளிவாக இல்லை?" என்று திருப்பிக் கேட்பார். எண்களுடன் கூடிய குறிப்பான கேள்விக்கே குறிப்பான விடை கிடைக்கும். மேற்கண்ட ஒரு வரித் தேவையிலிருந்து எழக்கூடிய கேள்விகள் சில:

1. எல்லா உணவகங்களுக்குமா? இல்லை. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாடகை அறிவித்த ஓர் அறையேனும் உள்ள விடுதிகளின் வளாகத்தில் இயங்கும் உணவகங்களுக்கு 18 சதவீதமே தொடர்ந்தது. ஆகவே அறை வாடகை 7,499, 7,500 என்ற இரண்டு எல்லை மதிப்புகளுக்கும் சோதனை வேண்டும்.

2. நவம்பர் 14 இரவு 11.40 மணிக்குப் பரிமாறி, 12.10 மணிக்கு பில் போட்டால் எந்த விகிதம்?

3. நவம்பர் 10 அன்று போட்ட பில்லில் பிழை இருந்து, 20 அன்று அதற்குத் திருத்தச் சீட்டு கொடுத்தால் அதில் எந்த விகிதம்?

4. வரியை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கணக்கிட்டுப் பைசாவைச் சரிசெய்வதா, மொத்தத்துக்கா? 33 ரூபாய் விலையுள்ள மூன்று பண்டங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். 5 சதவீதத்தில் மத்திய அரசின் பங்கு 2.5 சதவீதம், ஒரு பண்டத்துக்கு அது 82.5 பைசா. அதை 83 பைசாவாக்கி மூன்றையும் கூட்டினால் 2 ரூபாய் 49 பைசா. மொத்தமான 99 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 2 ரூபாய் 47.5 பைசா, அது 2 ரூபாய் 48 பைசாவாகும். ஒரு பில்லில் இது ஒரு பைசா வேறுபாடு. மாத இறுதியில் பில்களின் கூட்டுத்தொகையும் வரிக் கணக்கும் ஒத்துப்போகாதபோது கணக்காளர் தேடப்போவது இந்தப் பைசாக்களைத்தான்.

சில கேள்விகளுக்கு விடை தேவை ஆவணத்துக்கு வெளியே இருக்கும். இரண்டாவது கேள்விக்கான விடை சட்டத்திலேயே உள்ளது. வரி விகிதம் மாறும் நாளை ஒட்டிய பரிவர்த்தனைகளுக்கு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14ஆம் பிரிவு பொருந்தும். அதன் சாரம்: சேவை அளித்தல், பில் போடுதல், பணம் பெறுதல் என்ற மூன்று நிகழ்வுகளில் குறைந்தது இரண்டு எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதமே பொருந்தும். எனவே 14 இரவு பரிமாறி, 15 பிறந்த பின் பில் போட்டுப் பணம் பெற்றால் 5 சதவீதம்.

மூன்று நிகழ்வுகளும் பழைய பக்கத்திலோ புதிய பக்கத்திலோ விழலாம் என்பதால் மொத்தம் எட்டுச் சேர்க்கைகள் உண்டு. பில் தேதியை மட்டும் பார்த்து விகிதத்தை முடிவு செய்யும் மென்பொருள் இவற்றில் ஆறில் சரியான விடை தரும், இரண்டில் தவறும். உணவு அளித்ததும் பணம் பெற்றதும் 14ஆம் தேதியில் இருந்து, பில் மட்டும் 15 அன்று போடப்பட்டால் சரியான விகிதம் 18. மென்பொருள் 5 என்று காட்டும். முன்பதிவான பார்சலுக்கு 14 அன்றே பில் போட்டுவிட்டு, 15 அன்று பார்சலைக் கொடுத்துப் பணம் வாங்கினால் சரியான விகிதம் 5. மென்பொருள் 18 என்று காட்டும். "நவம்பர் 15 முதல் 5 சதவீதம்" என்ற வரியை எத்தனை முறை படித்தாலும் இந்த இரண்டும் தெரியவராது.

அனுமானப் பதிவு

எல்லாக் கேள்விகளுக்கும் உரிய நேரத்தில் விடை கிடைக்காது. விடைக்காகச் சோதனையை நிறுத்திவைப்பதும் பல வேளைகளில் இயலாது. அப்போது ஓர் அனுமானத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். அந்த அனுமானம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அனுமானப் பதிவு ஒரு சாதாரண அட்டவணையாக இருந்தாலே போதும். அனுமானம் என்ன, ஏன் அப்படிக் கொள்ளப்பட்டது, யாரிடம் எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, அது தவறானால் என்ன பாதிப்பு, எந்த டெஸ்ட் கேஸ்கள் அதை நம்பி நிற்கின்றன என்ற ஐந்து விவரங்கள் அதில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: "பைசாவைச் சரிசெய்வது பில்லின் மொத்தத்துக்கு மட்டும் என்று கொள்ளப்படுகிறது. பழைய வடிவத்தில் அப்படியே இருந்தது. நவம்பர் 11 அன்று கணக்காளரிடம் கேட்கப்பட்டது; விடை வரவில்லை. தவறானால் எல்லா பில்களிலும் பைசா வேறுபாடு வரும். டெஸ்ட் கேஸ்கள் 12 முதல் 19 வரை இதைச் சார்ந்தவை."

இப்பதிவால் இரண்டு நன்மைகள் உண்டு. விடை பிறகு வந்து அனுமானம் தவறு என்று தெரிந்தால், திருத்த வேண்டிய சோதனைகள் எவை என்பது உடனே தெரியும். மேலும், "இதற்கு என்ன விடை?" என்று கேட்டபோது பேசாமல் இருந்தவர்கள், "இப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்ற வாசகத்தைக் கண்டதும் "இல்லை, அப்படியல்ல" என்று திருத்த முன்வருவது உண்டு. தவறான விடையைத் திருத்துவது, புதிதாக ஒரு விடையை யோசித்து எழுதுவதைவிடப் பலருக்கு எளிது.

எடுத்துக்காட்டுகளாக எழுதுதல்

தேவையை வாக்கியமாக மட்டும் எழுதாமல் எண்களுடன் கூடிய எடுத்துக்காட்டுகளாக எழுதுவது தெளிவின்மையைக் குறைக்கும் மற்றொரு வழி. 400 ரூபாய் உணவு, குளிர்சாதன உணவகம், உணவகம் எந்த விடுதி வளாகத்திலும் இல்லை என்று கொண்டால் அட்டவணை இவ்வாறு அமையும்:

பரிமாறியது 14, பில் 14, பணம் 14 – மொத்தம் 472 ரூபாய்.
பரிமாறியது 14, பில் 14, பணம் 15 – மொத்தம் 472 ரூபாய்.
பரிமாறியது 14, பில் 15, பணம் 15 – மொத்தம் 420 ரூபாய்.
பார்சல் கொடுத்தது 15, பில் 14, பணம் 14 – மொத்தம் 472 ரூபாய்.
பார்சல் கொடுத்தது 15, பில் 14, பணம் 15 – மொத்தம் 420 ரூபாய்.

இந்த ஐந்து வரிகளைக் கணக்காளர், நிரலர், சோதனையாளர் மூவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்தால் போதும். யாருடைய புரிதல் வேறுபடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிரல் எழுதப்படும் முன்பே இது நடந்தால், பிழை உருவாகும் முன்பே நீங்குகிறது. பிறகு இதே வரிகள் சோதனைகளாகவும் பயன்படுகின்றன. சட்டத்துக்கு விளக்கம் சொல்வது சோதனையாளரின் பொறுப்பல்ல. சரியான நபரின் முன் சரியான எண்ணை வைத்து ஒப்புதல் பெறுவதே அவரது பொறுப்பு.

ஆவணத்துக்கு வெளியே உள்ள சான்றுகள்

தேவை ஆவணமே இல்லாத நிலையிலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பல சான்றுகள் இருக்கும். சோதனைத் துறை எழுத்தாளர்களான ஜேம்ஸ் பாக், மைக்கேல் போல்டன் ஆகியோர் இவற்றைத் தொகுத்து விளக்கியுள்ளனர். மென்பொருளின் முந்தைய வடிவம், அதைப் போன்ற பிற மென்பொருள்கள், விளம்பரத்திலும் உதவிக் குறிப்பிலும் நிறுவனம் சொன்னவை, பயனரின் இயல்பான எதிர்பார்ப்பு, மென்பொருளின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் உள்ள ஒற்றுமை, சட்டமும் தரநிர்ணயங்களும் ஆகியவை அவற்றுள் சில. திரையில் 420 என்று காட்டிவிட்டு அச்சில் 419.99 என்று வந்தால், அது பிழை என்று அறியத் தேவை ஆவணம் தேவையில்லை.

இச்சான்றுகள் ஐயத்தை எழுப்புவன. தீர்ப்புச் சொல்வன அல்ல. முந்தைய வடிவத்திலிருந்து வேறுபடுவது வேண்டுமென்றே செய்த மாற்றமாகவும் இருக்கலாம். எனவே இவ்வழியில் கண்டவற்றைப் பிழை என்று முத்திரை குத்தாமல், எந்தச் சான்றோடு எப்படி முரண்படுகிறது என்பதைச் சேர்த்து எழுதுவது நல்லது.

இங்கே ஆய்வுவழிச் சோதனை உதவுகிறது. சோதனைகளை முன்கூட்டியே முழுவதும் எழுதிவைக்காமல், மென்பொருளை இயக்கிக்கொண்டே கற்று, கற்றதைக் கொண்டு அடுத்த சோதனையை வடிவமைக்கும் முறை இது. இதற்கு இப்பெயரைத் தந்தவர் கெம் கேனர். தேவை தெளிவாக இல்லாதபோது விரிவான டெஸ்ட் கேஸ்களை நூற்றுக்கணக்கில் எழுதினால், அடுத்த மாற்றத்தில் அவை பாழாகும். "பில் ரத்து செய்யும் வழிகளை ஒரு மணி நேரம் ஆராய்தல்" என்பது போன்ற குறுகிய இலக்குடன் ஆராய்ந்து, கண்டவற்றையும் எழுந்த கேள்விகளையும் குறித்துவைப்பது அத்தருணத்தில் கூடுதல் பயன் தரும்.

மாற்றம் வந்தபின் பழைய சோதனைகள்

தேவை மாறியதும் கையிலுள்ள டெஸ்ட் கேஸ்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: அப்படியே நிற்பவை, திருத்தப்பட வேண்டியவை, புதிதாக எழுதப்பட வேண்டியவை. எந்த டெஸ்ட் கேஸ் எந்தத் தேவையிலிருந்து வந்தது என்ற இணைப்பு முன்பே குறிக்கப்பட்டிருந்தால் இப்பிரிப்பு சில நிமிடங்களில் முடியும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மீண்டும் படிக்க நேரும்.

பழைய விதி போய்விட்டது என்பதற்காகப் பழைய சோதனையை அழிப்பது ஒரு பொதுவான தவறு. நவம்பர் 10 அன்று 18 சதவீத வரியுடன் போட்ட பில்லுக்கு 20 அன்று கொடுக்கும் திருத்தச் சீட்டிலும் 18 சதவீதமே வர வேண்டும். பழைய பில்லை மீண்டும் அச்சிட்டாலும் பழைய தொகையே வர வேண்டும். ஆகவே 18 சதவீதச் சோதனை நீக்கப்படாமல், "நவம்பர் 14 வரை" என்ற தேதி வரம்பைப் பெற்றுத் தொடர்கிறது. மாறியதை மட்டும் சோதித்து, மாறக்கூடாததைச் சோதிக்காமல் விட்டால் இத்தகைய பிழைகள் தப்பிவிடும். மாறக்கூடாதவை மாறவில்லை என்று உறுதிசெய்வதற்குப் பெயர் ரிக்ரஷன் சோதனை அல்லது மீள்சோதனை.

தானியங்கிச் சோதனைகளில் வரி விகிதம் போன்ற மாறும் எண்களை நூறு இடங்களில் எழுதிவைக்காமல், தேதியுடன் கூடிய ஒரே அட்டவணையில் வைத்தால் மாற்றம் எளிதாகும். ஆனால் மென்பொருள் பயன்படுத்தும் அதே அட்டவணையிலிருந்து சோதனையும் எண்ணை எடுக்கக் கூடாது. அட்டவணையில் 5க்குப் பதில் 15 என்று தவறாகப் பதிந்திருந்தால், மென்பொருளும் சோதனையும் ஒரே தவறைச் செய்து ஒத்துப்போய்விடும்.

ஒருமுறை தெளிவானது என்றும் தெளிவாகவே இருக்கும் என்பதும் இல்லை. விடுதி உணவகங்களுக்கு அளவுகோலாக இருந்த 'அறிவிக்கப்பட்ட வாடகை' 2025 ஏப்ரல் 1 முதல் கைவிடப்பட்டு, உண்மையில் வசூலித்த வாடகை அடிப்படையாக்கப்பட்டது. 7,500 என்ற எண் மாறவில்லை. அது எதைக் குறிக்கிறது என்பது மாறியது. எண்ணை மட்டும் பார்க்கும் சோதனை இம்மாற்றத்தைக் கவனிக்காது.

முன்னுரிமை

ஐந்து நாட்களில் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. எது தவறினால் இழப்பு அதிகம், எது தவற வாய்ப்பு அதிகம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து வரிசைப்படுத்துவது ஆபத்து அடிப்படையிலான சோதனை எனப்படும். உணவக எடுத்துக்காட்டில், சாதாரண பில்லின் வரி தவறினால் அன்று சாப்பிட வந்த எல்லோரும் பாதிக்கப்படுவர். கல்லாவில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். அது முதலில். நள்ளிரவை ஒட்டிய பில்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தவற வாய்ப்பு மிக அதிகம். அவை அடுத்து. அறிக்கைத் திரையின் தலைப்பு எழுத்து கடைசியில். சோதிக்காமல் விடப்பட்டவற்றின் பட்டியலையும் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். எந்த ஆபத்தை ஏற்பது என்று முடிவு செய்பவர் அவரே.

பிழையா, மாற்றமா?

தேவைகள் பதிவாகாமல் மாறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு உருவாக்க முயன்ற 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருள் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் இப்பணி 2001இல் எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு திட்டத்தின் நோக்கமே விரிந்தது. தேவை ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. ஆயினும் மாற்றங்கள் தொடர்ந்தன.

2003 டிசம்பரில் மென்பொருள் ஒப்படைக்கப்பட்டபோது எஃப்.பி.ஐ. அதை ஏற்கவில்லை. முதலில் 17 குறைகள் சுட்டப்பட்டன; அவை விரிந்து 59 ஆயின. இவை பிழைகள் என்றது எஃப்.பி.ஐ.; பல பிழைகளல்ல, தேவை மாற்றங்கள் என்றது நிறுவனம். இறுதியில் ஒரு நடுவர் தீர்க்க வேண்டியதாயிற்று. 59இல் 19 எஃப்.பி.ஐ. செய்த தேவை மாற்றங்கள் என்றும், மீதி 40 நிறுவனத்தின் பிழைகள் என்றும் அவர் கண்டார். 2005இல் இத்திட்டம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான இத்திட்டத்தின் தோல்விக்குத் தேவைகள் சரிவர வரையறுக்கப்படாததும் ஒரு காரணம் என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை கூறியது.

ஒரே பட்டியலில் பிழையும் மாற்றமும் கலந்து நின்றன. எது எது என்று சொல்லும் பொதுவான பதிவு இல்லை. 800 பக்க ஆவணம்கூட அந்தப் பதிவுக்கு ஈடாகவில்லை.

அதன் இடத்தில் 2006இல் தொடங்கிய 'சென்டினல்' திட்டமும் தாமதமும் செலவும் கூடித் தடுமாறியது. 2010இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சிறு குழு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயங்கும் பகுதியைச் செய்து காட்டுதல் என்ற முறைக்கு மாறியபின், 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அங்கும் தேவைகள் மாறின. ஆனால் ஒரு தவறான புரிதல் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்க முடியாதபடி இடைவெளி சுருங்கியது.

நிரல் மாறாமல் சூழல் மாறினால்

தேவை மாற்றம் எப்போதும் ஒரு கோரிக்கையாக வந்து நிற்பதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் நிலையறி கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே அது நன்றாகவே இயங்கியது. புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் மிக அதிகம். அதனால் ஓர் எண் 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போய், கருவி செயலிழந்தது. ஏரியான் 5இன் பாதை விவரங்கள் அக்கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவில்லை என்றும், அப்பாதையைக் கொண்டு அது சோதிக்கப்படவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டது. நிரல் ஏறத்தாழ அப்படியே இருந்தது. அது இயங்கிய இடம் மாறியது. ஆகவே "இந்தப் பகுதியில் எதுவும் மாறவில்லை" என்று சொல்லப்படும்போது, அதைச் சுற்றியுள்ளது எதுவும் மாறவில்லையா என்றும் சோதனையாளர் கேட்க வேண்டும்.

அஜைல் முறையும் பதிவும்

2001இல் வெளியான அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கும், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கும் கூடுதல் மதிப்பளித்தது. இதை "எதையும் எழுத வேண்டாம்" என்று சிலர் புரிந்துகொள்கின்றனர். அவ்வறிக்கை ஆவணங்களுக்கு மதிப்பில்லை என்று கூறவில்லை; ஒப்பீட்டில் மற்றது மேல் என்றே கூறியது. மாற்றம் அடிக்கடி வரும் திட்டத்தில் நீண்ட ஆவணம் விரைவில் பழசாகும். ஆனால் யார், எப்போது, எதை முடிவு செய்தார் என்ற சில வரிப் பதிவு பழசாவதில்லை. மாற்றம் எவ்வளவு விரைவாக வருகிறதோ அவ்வளவுக்கு அப்பதிவின் தேவையும் கூடுகிறது.

சோதனை அறிக்கை

தேவைகள் உறுதியாக இருக்கும் திட்டத்தில் "200 சோதனைகளில் 196 வெற்றி" என்ற அறிக்கைக்குப் பொருள் உண்டு. தேவைகள் மாறிக்கொண்டிருக்கும் திட்டத்தில் அந்த எண் தனியாக நின்றால் ஏமாற்றும். எந்தத் தேதியில் இருந்த தேவையின்படி சோதிக்கப்பட்டது, எந்த அனுமானங்கள் இன்னும் உறுதியாகவில்லை, அவற்றை நம்பி எத்தனை வெற்றிகள் நிற்கின்றன, எது சோதிக்கப்படவில்லை என்ற நான்கும் அதனுடன் சேர்ந்தால்தான் அறிக்கை முழுமை பெறும். மென்பொருளை வெளியிடலாமா என்று முடிவு செய்பவருக்கு வெற்றிகளின் எண்ணிக்கையைவிட, அவ்வெற்றிகளில் எவை உறுதியான தரையில் நிற்கின்றன, எவை ஊகத்தின்மேல் நிற்கின்றன என்ற விவரமே பயன்படுகிறது.